ஜூன் முப்பத்தொண்ணு

செவல்பாறை ஊருக்கு வருஷத்தில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது. கிடைத்தவர்கள் யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை, கத்தரிக்காய் வாங்கும்போது கொசுறாக விழுகிற கறிவேப்பிலையைப் போல மடியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கிடைக்காமல் போனவள் ஒருத்தி இருந்தாள், அவளுக்கு வயிறு எரிந்த எரிச்சலைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அவள் பெயர் சண்முகவடிவு. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தவள். பேரூராட்சி ஆபீஸுக்கு எதிரே ஒரு கடை பிடித்து, ஊர்க்காரர்களின் பெயர், வயசு, வீடு, தொழில், பிறந்தது, இறந்தது எல்லாவற்றையும் வாங்கிப் பதிந்து மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புகிற புரோகிராம் ஒன்றைத் தானே எழுதி ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த புரோகிராமில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காவல் வைத்திருந்தாள். தேதி என்றால் காலண்டரில் இருக்கிற தேதி, போன் நம்பர் என்றால் பத்து எண், பெயர் என்றால் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் திரை பச்சையாகும். ஒன்று பிசகினாலும் திரை முழுக்கச் சிவப்பாகி, நடுவில் மூன்றே சொல் வரும்: தவறு. மீண்டும் முயல்க. எது தவறு, ஏன் தவறு என்று அது சொல்லாது.

"எங்கன தப்புன்னாவது சொல்லப்படாதா தாயி?" என்று கேட்டால், "அதைச் சொல்லிக்குடுத்தா அதுக்குத் தக்கன பொய்யை எழுதிட்டு வந்துருவீங்க" என்பாள் வடிவு.

அந்தச் சிவப்பின் முன்னால் பதினோரு தடவை நின்றவர் முடிதிருத்தும் கடை சுடலைமுத்து. அவருடைய மகள் மஸ்கட்டில் இருந்தாள், பேரனைப் பார்க்கப் போக அவருக்குப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதிச் சான்று வேண்டும். அவரிடம் இருந்ததோ மஞ்சளேறிய ஒரு பள்ளிக்கூடச் சர்டிபிகேட், அதில் பிறந்த தேதி ஜூன் முப்பத்தொன்று என்று இருந்தது. அந்தக் காலத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வந்த ஆத்தா அப்பன் யாருக்கும் தேதி தெரியாது. ஒண்ணாம் கிளாஸ் வாத்தியார் எல்லாருக்கும் ஒரே தேதியைப் போட்டு அலுத்துப்போய், அந்த வருஷம் ஒரு மாறுதலுக்கு, உட்கார்ந்திருந்த வரிசைப்படி ஜூன் ஒன்று, ஜூன் இரண்டு என்று ஆளுக்கு ஒரு தேதியாகக் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார். அந்த வருஷம் சேர்ந்தது முப்பத்தொரு பிள்ளைகள். கடைசிப் பலகையில் கடைசியாக உட்கார்ந்திருந்தவர் சுடலைமுத்து.

"ஜூலை ஒண்ணுன்னு மாத்திப் போடுங்க அண்ணாச்சி, பச்சை வந்துரும்" என்றாள் வடிவு, பன்னிரண்டாவது தடவை வந்தபோது.

"அது மாணிக்கம் தேதில்லா? அடுத்த வருசம் வாத்தியாரு ஜூலையில இருந்து தொடங்குனப்ப முத வரிசையில இருந்த பய அவன்" என்றார் சுடலைமுத்து. "எனக்குன்னு ஒருத்தர் குடுத்தது இந்தத் தேதி. ஒரு மனுசனுக்கு எத்தனை தேதிம்மா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, சர்டிபிகேட்டை மடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார்.

எதிர்க்கடை புஷ்பகலாவுடையது. முன்பு காப்பிக்கொட்டை அரைத்த மில் அது. அந்தக் கடையில் அச்சாகி வருகிற காகிதமெல்லாம் லேசாகக் காப்பி வாசம் அடிக்கும். புஷ்பகலா வடிவுக்கு ஒரு வயசு இளையவள், பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு, மூன்று வருஷமும் வடிவின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதித்தான் பாஸானாள். அப்படிப்பட்டவள் போன தைக்கு எதிரே வந்து கடை போட்டதும், அவளும் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதியதும், பேரூராட்சி அவளுக்கும் பதிவு வாங்க அனுமதி கொடுத்ததும் வடிவுக்குச் செரிக்கவே இல்லை. அதைவிடச் செரிக்காதது அந்த புரோகிராம் வேலை செய்த விதம். அதற்குச் சிவப்பே கிடையாது. சரியாக இருந்தால் பச்சை, பிசகி இருந்தால் மஞ்சள். மஞ்சளுக்குக் கீழே ஒரு வரி வரும்: இது எனக்குப் புரியலை, ஆனாலும் எழுதினபடியே வச்சிருக்கேன்.

"புரியலைன்னா எதுக்குட்டி வாங்கணும்? குப்பைத்தொட்டியா அது?" என்று வடிவு தன் கடை வாசலில் நின்றபடியே கேட்பாள்.

"எனக்குப் புரியாட்டா அவுக இல்லேன்னு ஆயிருமாக்கா?" என்று புஷ்பகலா அங்கிருந்தே சிரிப்பாள். அந்தச் சிரிப்பு தெருவைத் தாண்டி வந்து வடிவின் நெஞ்சில் முள்ளுப் போல இறங்கும், ஏனென்றால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எப்போதும் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள், வடிவின் கடையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

புஷ்பகலா ஜூன் முப்பத்தொன்றை அப்படியே தட்டினாள். மஞ்சள் வந்தது. காப்பி வாசத்தோடு சான்று வந்தது. சுடலைமுத்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இது நடந்தது மே மாசத்தில்.

அந்த ஜூன் மாசம் முப்பதாம் தேதி முடிந்து விடிந்தபோது, ஜூலை வரவில்லை. ஜூன் முப்பத்தொன்று வந்தது.

வந்தது முப்பத்தொன்றுதான் என்று எப்படித் தெரியும் என்றால், யாரும் சொல்லாமலே தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணைத் திறக்காமலே அது ஞாயிற்றுக்கிழமை என்று தெரிகிற மாதிரி. ஆறரை மணி பஸ் வரவில்லை, ஏனென்றால் டிப்போவுக்கு அப்படி ஒரு நாள் இருப்பது தெரியாது. கரண்டு இல்லை, போனில் சிக்னல் கோடு இல்லை, வெயில் மட்டும் வழக்கம்போலத் தலைக்கு மேலே நின்றது. டீக்கடைக்காரர் பால் வராததால் கடுங்காப்பி போட்டார். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, இன்றைக்கு ராகுகாலமும் இல்லை, எமகண்டமும் இல்லை, யாரும் எதையும் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டுத் தானும் துண்டை உதறிப் போட்டுப் படுத்துக்கொண்டார். மாடு கன்றுக்கு விண்ணப்பம் எதுவும் கிடையாது, ஆனாலும் அவை விழித்திருந்தன, அவற்றுக்கு எந்த நாளும் ஒன்றுதான். மதியத்துக்குள் ஊர் அந்த நாளைப் பழகிவிட்டது. ஏழு வருஷமாகப் பேசாதிருந்த அண்ணனும் தம்பியும், இந்த நாள் கணக்கில் வராது என்று பேசிக்கொண்டார்கள். வடக்குத் தெருப் பெண்கள் வாய்க்கால் படித்துறையைத் தேய்த்துக் கழுவினார்கள், எந்த வருஷமும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போன வேலை அது. சுடலைமுத்து, தன் அறுபத்தைந்து வயசில் முதல் முதலாக வந்த பிறந்தநாள் என்பதால், வந்தவர்களுக்கெல்லாம் கை ஓயும்வரை சும்மாவே சவரம் செய்துவிட்டார்.

ஊரில் பாதிப்பேர் எழவில்லை. செத்துப்போகவும் இல்லை, சீக்கும் இல்லை, மூச்சு சீராக வந்தது, உலுக்கினால் புரண்டு படுத்தார்கள். யாரெல்லாம் எழுந்தார்கள், யாரெல்லாம் எழவில்லை என்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே விளங்கிவிட்டது. புஷ்பகலாவின் மெஷினில் மஞ்சளில் பதிந்தவர்கள் எழுந்திருந்தார்கள், பச்சையில் போனவர்கள் தூங்கினார்கள். எழுந்தவர்கள் தூங்கியவர்கள் மேல் ஈ மொய்க்காமல் மெல்லிய வேட்டியைப் போர்த்திவிட்டார்கள்.

மறுநாள் ஜூலை ஒன்று. வடிவு எழுந்தபோது உடம்பு அலுப்பில்லாமல் இருந்தது. தொட்டிலில் மகள் இல்லை. பதினோரு மாசக் குழந்தை, வீட்டு நடையில், சுவரைப் பிடிக்காமல், கொலுசு சத்தம் கேட்க நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க! பிள்ளை நடக்கா! வந்து பாருங்க, பிள்ளை நடக்கா!"

வடிவின் புருஷன் ஆறுமுகநயினார் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டுகிறவர், பேச்சுக் குறைந்த மனுஷன். வாசற்படியில் நின்று தலையைச் சொறிந்தார். "நேத்தே நடந்துட்டா வடிவு."

"நேத்து எப்ப நடந்தா? நேத்துப் பூரா என் இடுப்புலதானே இருந்தா?"

"அது முந்தாநேத்து" என்று தொடங்கி அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது இன்னொன்றும் வெளியே வந்தது. மகளுக்குப் பெயர் வைப்பதில் இருவருக்கும் மூன்று மாசம் சண்டை நடந்ததல்லவா, பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் வடிவின் மெஷின் சிவப்பாகும் என்பதால் பிள்ளையைப் பதியாமலே வைத்திருந்தார்களல்லவா, அந்த நாட்களில் அவர் ஒருநாள் எதிர்க்கடைக்குப் போய், பெயர்: இன்னும் முடிவாகலை என்று எழுதிக் கொடுத்து மகளைப் பதிந்துவிட்டிருந்தார். கூடவே தன்னையும். தொழில் என்ற கட்டத்தில் மழைக்காலத்தில் ஒன்று வெயில்காலத்தில் ஒன்று என்று எழுதினாராம், ஏனென்றால் அவருக்கு அப்படித்தான். மகளுக்குப் பிறகு முத்தரசி என்று பெயர் வைத்தது வேறு விஷயம், மஞ்சள் மஞ்சள்தான்.

"என்னைய எழுப்ப வேண்டியதுதானே?"

"எழுப்பினேன். தண்ணி தெளிச்சேன். நீ எழும்பலை. கரண்டும் இல்லையா, வேர்த்து ஊத்துச்சு உனக்கு. புஷ்பாதான் வந்து உக்காந்து பனையோலை விசிறியால வீசிக்கிட்டு இருந்தா. பிள்ளை உன் கட்டில்ல இருந்து இறங்கி அவகிட்டதான் நடந்து போச்சு. நாலு எட்டு."

அந்த நாலு எட்டு வடிவின் நெஞ்சின் மேலேயே வைத்த எட்டுகள். தன் பிள்ளை, தன் வீட்டில், தன் கட்டில் காலைப் பிடித்து எழுந்து, தான் கண்ணை மூடிக் கிடக்கும்போது, இன்னொருத்தியை நோக்கி நடந்திருக்கிறது. அதுவும் யார், ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினவள். விசிறினாளாம். யார் கேட்டது அவளிடம் காற்று!

அந்த வருஷம் முழுக்க ஊரில் ஒரே பேச்சு. முப்பத்தொண்ணு அன்னைக்கு என்று தொடங்கி யாராவது ஒன்றைச் சொல்வார்கள், கேட்பவர்கள் சிரிப்பார்கள், வடிவு வந்தால் பேச்சு நின்றுவிடும். தூங்கிக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்களிடம் ஏதாவது பிசகு இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்கள். போஸ்ட்மாஸ்டர் அவசரப்பட்டு வயசு முந்நூறு என்று எழுதிக் கொடுத்தார். மஞ்சள் வந்தது, ஆனால் பொய்யை எழுதி வாங்கின மஞ்சளுக்கு அந்த நாள் விடியாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். உண்மையாகவும் இருக்க வேண்டும், கட்டத்துக்குள் அடங்காமலும் இருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் ஊருக்குப் புரிந்தது. தோண்டித் தேடினால் எல்லாரிடமும் அப்படி ஒன்று இருந்தது. ரேஷன் கடைக்காரரின் வீடு இரண்டு தெருவுக்கும் நடுவில் இருந்தது, ஒரு தெருவில் வாசல், மறு தெருவில் அடுப்படி. டீச்சருக்குத் தாயார் பெயர்க் கட்டத்தில் இரண்டு பேர், பெற்றவளும் அவள் தங்கச்சியும், இருவரும் ஒரே வீட்டில் ஒரே மாதிரி வளர்த்தார்கள். கடைசியில் போஸ்ட்மாஸ்டரே, நிரந்தர முகவரி என்ற கட்டத்தில், இருபது ஊருக்கு மாற்றலானவனுக்கு ஏது அப்படி ஒன்று என்று எழுதி உள்ளே போய்விட்டார்.

வடிவும் தேடினாள். முதலில் கௌரவம் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தன் காகிதங்களையெல்லாம் பரப்பிவைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போயிற்று. ஒரு தாய், ஒரு தகப்பன், ஒரு வீடு, ஒரு தொழில், பிறந்தது ஜூன் ஒன்று. ஊரில் எல்லாருக்கும் ஒரு பிசகு வாய்த்திருக்க, தனக்கு மட்டும் ஒன்றுகூட இல்லையே என்று அவள் பொருமினாள். அடுத்தவர் நகையைப் பார்த்துப் பொருமுகிறவர்கள் உண்டு, அடுத்தவர் வீட்டைப் பார்த்துப் பொருமுகிறவர்கள் உண்டு, அடுத்தவர் பிசகைப் பார்த்துப் பொருமினவள் வடிவு ஒருத்திதான். கடைசியில் மானத்தை விட்டு, எதிர்க்கடை மெஷினில் ஆள்வைத்து, பதினோரு எண்ணுள்ள ஒரு போன் நம்பரைத் தன் பெயரில் பதியச் செய்தாள். அது பொய். இரண்டாம் வருஷ ஜூன் முப்பத்தொன்றில் ஊர் முழுக்க எழுந்து நடமாடியபோது, செவல்பாறையில் தூங்கிக் கிடந்தது அவள் ஒருத்திதான்.

ஜூலை ஒன்று காலையில் கேட்டாள். "நேத்து என்ன செஞ்சா பிள்ளை?"

ஆறுமுகநயினார் மோட்டாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கேக்கேன்ல?"

"உன் பக்கத்துலயேதான் இருந்தா. அம்மா தூங்குதா, அம்மா தூங்குதான்னு சொல்லிக்கிட்டு. மத்தியானத்துக்கு மேல..." ஸ்பேனரைக் கீழே வைத்தார். "புஷ்பாவை அம்மான்னு கூப்புட்டா. அவ, அம்மா இல்லே, அத்தைன்னு சொல்லுன்னா. கேக்கலை. அன்னைக்கு ஒரு நாளைக்கு அவளுக்கு முழிச்சிருக்க அம்மை வேணும் போல."

தன் மகளுக்குத் தன்னைவிட இரண்டு நாள் அதிகம் என்பதும், இப்படியே போனால் மகள் வளர வளர அந்த நாட்களும் கூடும் என்பதும், அத்தனை நாளுக்கும் அவளுக்கு வேறொரு அம்மா இருப்பாள் என்பதும் வடிவுக்கு அடுப்பங்கரையில் நிற்கும்போது, கோலம் போடும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எல்லாம் தெரிந்துகொண்டே இருந்தது. புஷ்பகலாவுக்கோ கல்யாணமும் ஆகவில்லை. பிள்ளை வேண்டுமென்றால் பெற்றுக்கொள்ளட்டுமே, என் பிள்ளையை எதற்கு அவள் மெஷினில் போட்டு மஞ்சளாக்க வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் மாவட்ட அலுவலகக் கம்ப்யூட்டர் திணறி நின்றது. புஷ்பகலா மஞ்சளில் வாங்கியதையெல்லாம் எழுதினபடியே அங்கே அனுப்பிக்கொண்டிருந்தாள். முதல் வருஷம் அது எப்படியோ விழுங்கிவிட்டது. இரண்டாம் வருஷம் இரண்டு தாயும், நடுத்தெரு வீடும், முடிவாகாத பெயருமாக வண்டி வண்டியாகப் போனபோது அந்த மெஷின் ஒரு வரியில் சிக்கி நின்றுவிட, அதற்குப் பின்னால் வந்த ஒன்பது ஊர்ப் பதிவுகளும் தேங்கிப்போயின. காலேஜில் சேர வேண்டிய பிள்ளைகள் சான்று வராமல் பஸ் ஏறி வந்து அழுதார்கள். எங்கே சிக்கியது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் வடிவு. உட்கார்ந்து, அழகான கையெழுத்தில், எந்தக் கடையிலிருந்து எந்த வரி வந்து அடைத்திருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். எழுதினதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அது ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றியதில், மறுவருஷம் ஏப்ரல் கடைசியில் புஷ்பகலாவின் கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜூன் முப்பதுக்குள் மஞ்சளில் உள்ளதையெல்லாம் அழித்துப் பட்டியலைச் சுத்தமாக்க வேண்டும், இல்லையென்றால் மெஷினே கிடையாது. அழித்தாலும் கடையை எடுத்தாலும் முப்பத்தொன்று வராது என்பது ஊருக்கு விளங்கியது. யார் எழுதிப்போட்டது என்பதும் விளங்கியது. யாரும் வடிவிடம் சண்டைக்கு வரவில்லை. சுடலைமுத்து மட்டும் கடை வாசலில் வந்து நின்று, "ரெண்டு பிறந்தநாள் பார்த்துட்டேம்மா. அது போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய பாஸ்போர்ட் மனுவும் அந்தத் தேதியில் சிக்கித்தான் எங்கோ நின்றுகொண்டிருந்தது.

வடிவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். இனிமேல் வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாளும் பிள்ளை தன் பிள்ளை.

மே மாசத்தில் ஒரு மத்தியானம், வடிவின் அப்பா உலகநாதன் ஊரிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தார். பேத்தி தாத்தாவின் மடியில் ஏறிக்கொண்டு, முப்பத்தொண்ணு எப்ப வரும், முப்பத்தொண்ணு எப்ப வரும் என்று கேட்டாள். வடிவு வெடுக்கென்று, "அப்பிடி ஒரு தேதியே கிடையாதுட்டி. எவனோ ஒரு வாத்தியார் வாய்க்கு வந்ததைப் போட்டது அது" என்றாள்.

"எல்லா வாத்தியாரும் வாய்க்கு வந்ததைத்தானம்மா போட்டாங்க" என்றார் உலகநாதன் சாவகாசமாக. "உனக்கு மட்டும் என்ன?"

"எனக்கென்ன? ஜூன் ஒண்ணு. பச்சை."

"அது உங்க பள்ளிக்கூடத்து சாரு போட்டது. உங்க கிளாஸ்ல பாதிப்பேருக்கு ஜூன் ஒண்ணுதானே. நீ பிறந்தது மழைக்காலம்லா."

வடிவு முருங்கைக்காயைக் கீழே வைத்தாள். "என்னைக்குப்பா பிறந்தேன்?"

"என்னைக்குன்னு எனக்கு எங்க தெரியும்? நீ பிறந்த அன்னைக்குக் குளம் உடைஞ்சு போச்சு. ஊர் ஆம்பளை பூராவும் கரையில மண்மூட்டை அடுக்குனோம். மூணு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தா நீ இருக்க. அது என்ன தேதி, என்ன கிழமைன்னு உங்கம்மைக்குத்தான் தெரியும். அவகிட்டக் கேக்கணும்னு நெனைக்கதுக்குள்ள அவளும் போய்ச் சேந்துட்டா. குளம் உடைஞ்ச அன்னைக்குன்னு சொன்னா பள்ளிக்கூடத்துல எழுதிக்கிடுவாங்களா? அவரு ஜூன் ஒண்ணுன்னாரு. சரின்னேன்."

அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு வடிவு கடைக்குப் போனாள். தன் மெஷினில் ஜூன் ஒன்று பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு என்றது அது. நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் அது ஒரு கேள்வி கேட்காமல் பச்சை காட்டி உள்ளே விட்டிருந்தது, அவளையும் சேர்த்து. பிறகு அவள் தன் பெயரைப் போட்டு, பிறந்த தேதி என்ற கட்டத்தில், குளம் உடைஞ்ச அன்னைக்கு என்று தட்டினாள்.

திரை முழுக்கச் சிவப்பு. தவறு. மீண்டும் முயல்க.

மறுபடி தட்டினாள். தவறு. மீண்டும் முயல்க. அந்த மூன்று சொல்லையும் எழுதினவள் அவள்தான், ஆயிரம் தடவை அதை மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள், முகத்துக்கு நேரே அது வந்து நின்றது இதுதான் முதல் தடவை. நாலாவது தடவை தட்டும்போது, என்ன தவறு, எங்கே தவறு, சொல்லித்தொலையேன் என்று அவள் மெஷினைப் பார்த்து வாய்விட்டுக் கத்தினாள். எதிர்க்கடையில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வடிவு தெருவைத் தாண்டினாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. வரிசை தானாக விலகிற்று.

"வாக்கா" என்றாள் புஷ்பகலா. கண்ணெல்லாம் வீங்கி இருந்தது. "பார்க்க வந்தியா, அழிக்க வந்தியா?"

"பதிய வந்தேன். எழுதிக்கோ."

புஷ்பகலா தட்டினாள். மஞ்சள் வந்தது. இது எனக்குப் புரியலை, ஆனாலும் எழுதினபடியே வச்சிருக்கேன். அந்த வரியை வடிவு இரண்டு தடவை படித்துவிட்டு, புஷ்பகலாவின் முகத்தைப் பார்க்காமல் பட்டியலைச் சர்ரென்று மேலே தள்ளினாள். பட்டியலின் உச்சியில், முதல் மஞ்சள் வரியாக, புஷ்பகலாவின் பெயரே இருந்தது. தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: தெரியாது, ரெண்டு மாமா வளர்த்தாங்க.

"முதல்ல உன் மெஷின்லதான்க்கா போட்டேன்" என்றாள் புஷ்பகலா. "நீ அன்னைக்குக் கடையில இல்லை, நானே தட்டினேன். சிவப்பு வந்துச்சு. வீட்டுக்கு வந்து அழுதுட்டு, அன்னைக்குத்தான் கடை போடணும்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"உன் மெஷின் எங்க சொல்லவிட்டுச்சு?"

வடிவு புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு பழைய வடிவாகி, "எந்திரி. நாற்காலியைக் குடு" என்றாள். "வாங்குறதுக்கு உனக்குத் தெரியும், ஒத்துக்கிடுதேன். அனுப்பத் தெரியலை. உனக்குப் புரியாததை அப்பிடியே தூக்கி அடுத்தவன் தலையில போட்டா அவன் என்ன செய்வான்? ஒன்பது ஊருப் பிள்ளைங்க அழுதுச்சுட்டி. அது நான் இட்டுக்கட்டினதா?"

"இல்லக்கா" என்றாள் புஷ்பகலா, மெல்ல.

மூன்று வாரம் பகல் முழுக்க வடிவு அந்தக் காப்பி வாசத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். பதிவு உள்ளே வருகிற புஷ்பகலாவின் வாசலை அவள் தொடவில்லை, யார் எதை எழுதி வந்தாலும் மெஷின் வாங்கி எழுதினபடியே வைத்துக்கொண்டது. பதிவு வெளியே போகிற பின்வாசலில் தன் புரோகிராமைக் காவலுக்கு வைத்தாள். மாவட்டத்துக்குப் புரிகிற வரிகள் மட்டும் அதன் வழியாகச் சுத்தமாக வெளியே போயின, புரியாத கட்டம் காலியாகப் போயிற்று, காலிக் கட்டத்தின் பக்கத்தில் ஒரு குறிப்புப் போயிற்று: இதைப் பற்றி இந்த ஆளிடமே கேட்கவும், போன் நம்பர் இது. தன் கடையில் அந்த மூன்று சொல்லை எடுத்துவிட்டு, எந்தக் கட்டம் ஏன் புரியவில்லை என்று சொல்கிற மாதிரி எழுதினாள். தேங்கிய ஒன்பது ஊரும் ஒரே மத்தியானத்தில் வடிந்தன. நோட்டீஸைக் கிழித்தார்கள். அடுத்த வாரத்தில் யாரோ ஒரு ஆபீஸர் சுடலைமுத்துவுக்கு நிஜமாகவே போன் போட்டு, என்னய்யா இது, பிறந்த தேதியில் ஒன்றுமே இல்லை என்று கேட்க, சுடலைமுத்து ஒண்ணாம் கிளாஸில் தொடங்கி முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். பாஸ்போர்ட் வந்தது. ஆனால் டிக்கெட்டை ஜூலைக்குத்தான் போட்டுக்கொண்டார்.

இத்தனையும் செய்து முடித்தும் வடிவின் நெஞ்சில் அந்த முள் அப்படியேதான் இருந்தது. ஜூன் முப்பதாம் தேதி சாயங்காலம் மகளுக்குச் சடை பின்னும்போது, "நாளைக்கு யாரைட்டி அம்மான்னு கூப்புடுவ?" என்று கேட்டாள். மகள் யோசித்து, "யார் முழிச்சிருக்காங்களோ அவுங்களை" என்றாள்.

வடிவு கண்ணைத் திறந்தபோது மின்விசிறி சுற்றவில்லை. ஆனாலும் முகத்தில் காற்று வந்தது. கட்டில் ஓரத்தில் புஷ்பகலா உட்கார்ந்து, கண் சொக்கச் சொக்க, பனையோலை விசிறியை ஆட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷப் பழக்கத்தில் விடிந்ததும் கிளம்பி வந்திருக்கிறாள், இந்தத் தடவை தானே எழுந்துவிடுகிறவளுக்கு விசிறி எதற்கு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெளியே பஸ் சத்தம் இல்லை. யாரோ படித்துறையைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. முத்தரசி வாசற்படியில் நின்று கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள், கூப்பிடலாமா வேண்டாமா என்பது போல.

"முழிச்சிட்டியாக்கா?" என்றாள் புஷ்பகலா.

"அம்மா!" என்று மகள் ஓடி வந்தாள். இரண்டு பேரும் இருந்த பக்கமாகத்தான் ஓடி வந்தாள், யாரைக் கூப்பிட்டாள் என்று தெரியவில்லை. வடிவு எழுந்து உட்கார்ந்து, பாதி வழியிலேயே எட்டி அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"குடு அந்த விசிறியை."

"இருக்கட்டும்க்கா, நான் வீசுதேன்."

"நீ வீசினா காத்து கோணலா வருது. ரெண்டு வருசமா இப்பிடித்தான் வீசினியாட்டி?" என்று விசிறியைப் பிடுங்கிக்கொண்டு, மகளுக்கும் எதிரே இருந்தவளுக்குமாகச் சேர்த்து, ஒரே அளவாக, ஒரே சீராக, வடிவு வீச ஆரம்பித்தாள்.